கையில் கொடுத்தால் வலக்கைதான் நீளும்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கைப்பிடி அளக்கும் கருவி ஒன்று வந்திருக்கிறது. இரும்பில் செய்தது. நடுவில் கடிகார முகம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள். கையில் வைத்து அழுத்தினால் முள் நகரும். எனக்குப் பிறகு அங்கே டிஸ்பென்சராக இருப்பவர் போன வாரம் அதை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். முள் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நின்றது. வயதுக்கு மோசமில்லை என்றார். எந்த வயதுக்கு என்று நான் கேட்கவில்லை.

"நானா, இது இல்லாத காலத்தில நட்டஈடு கேட்டு வர்றவங்க கையை எல்லாம் எப்படி அளந்தீங்க?" என்று கேட்டார். நானா என்றால் அண்ணன், எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆட்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு சாவிக்கொத்து, ஒரு சிரட்டைத் தண்ணீர், பெரிய டாக்டரின் இரண்டு விரல்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி கேகாலை மாவட்டத்தில், களனி ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், என்னிடம் மருந்து வாங்கியவர்கள். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் கருவாடும் மண்ணெண்ணெயும் விற்கும் கடை. சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் வருவார்கள், மற்ற நாட்களில் சுற்றுவட்டாரச் சிங்கள ஆட்கள் வருவார்கள். இரண்டு பேச்சையும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, தராசுக்குப் பின்னால் நின்று படித்தேன். கருவாட்டு வாடை பிடிக்காமல்தான் மருந்து வாடைக்குப் போனேன்.

கொழும்பில் மருந்து கலக்கப் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அளவுக் கிளாசைக் கண் மட்டத்தில் பிடி. பெயர் ஒட்டாத போத்தலைக் கீழே வைக்காதே. டாக்டர் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டுச் செய். மீதியை மறந்துவிட்டேன். அந்த மறதியால் யாருக்கும் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை.

முப்பதுகளின் நடுவில், வேலையில் காயப்பட்டவர்களுக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் காயம்பட்டது என்று சொன்னால் போதாது. காயத்தால் எவ்வளவு வேலை செய்ய முடியாமல் போயிற்று என்று ஒரு அரசாங்க டாக்டர் பார்த்து எழுத வேண்டும். அப்படிப் பார்க்கிற வேலை எங்கள் பெரிய டாக்டருக்கு வந்தது. அவருக்குத் தமிழ் வராது. ஆகவே அவர் பக்கத்தில் நின்று பேச்சை மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. அதற்குத் தனியாகச் சம்பளம் ஏதும் வரவில்லை.

பெரிய டாக்டர் காலிப் பக்கத்துச் சிங்களவர். சீமையில் படித்தவர். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் கழுத்துப் பட்டியைத் தளர்த்த மாட்டார். என்னிடம் இங்கிலீஷிலும் மற்றவர்களிடம் சிங்களத்திலும் பேசுவார், இரண்டிலும் குறைவாகத்தான் பேசுவார். ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். கை என்றால் கையைப் பார்ப்பார், கால் என்றால் காலைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுதுவார். தொப்பி ஏறிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் பேசக் கூடாது என்று அர்த்தம்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊற்றுவது அந்தப் பக்கம் வர வேண்டும். உன்னுடைய தண்ணீர் அதில் கலக்கக் கூடாது."

"யெஸ் சார்" என்றேன்.

"காயம்பட்டவன் கூடுதலாகச் சொல்வான். தோட்டத்துத் துரை குறைத்துச் சொல்வார். இரண்டும் அவரவர் வேலை. எது நிஜம் என்று பார்ப்பது என் வேலை."

இதில் அவர் பாரபட்சம் காட்டியதே இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்கு நம்பாமல் இருந்தார்.

அவருடைய முறை இது. முதலில் கேள்வி. இதை அவர் ஒப்புக்குத்தான் கேட்பார். பிறகு ஊசி. மரத்துப்போனது என்று சொல்கிற இடத்தில் ஒரு குண்டூசியால் தொடுவார். பிறகு தன் இரண்டு விரல்களை நீட்டி, "நெரி" என்பார். பெண்கள் அந்நிய ஆணின் விரலைப் பிடிக்கத் தயங்குவார்கள் என்பதால் அவர்களுக்கு ஈரத் துணியைப் பிழியக் கொடுப்பார். பால் வெட்டுகிறவர்கள் என்றால் சிரட்டை நிறையத் தண்ணீர் கொடுத்துச் சிந்தாமல் நடக்கச் சொல்வார். ரப்பர்ப் பாலைச் சிரட்டையில்தானே எடுக்கிறார்கள், அதனால். ஆனால் இவை எதையும் அவர் முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டார். முடிகிறவன் முடியாது என்று நடிப்பது சுலபம் என்பார். கடைசியில் ஒன்று இருக்கும். அதுதான் பரீட்சை என்று ஆளுக்குத் தெரியாது.

முதுகு வளையாது என்று வருகிறவன் முன்னால் சாவிக்கொத்தைத் தவறவிடுவார். ஆள் குனிகிறானா என்று பார்ப்பார். குனியாவிட்டால் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் தன் சாவியைத் தானே குனிந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

ரப்பர்ப் பொதி ஏற்றுகிற ஒருவர் ஒரு தடவை ஊன்றுகோலோடு வந்தார். வலது கால் மடங்காது என்றார். கேள்வி, ஊசி, எல்லாவற்றிலும் தேறிவிட்டார். டாக்டர் என்னிடம் இங்கிலீஷில், "வெளியே போய் அவிசாவளை பஸ் புறப்படுகிறது என்று சத்தம் போடு" என்றார். போட்டேன். அந்த மனிதர் என்னைத் தாண்டி ஓடினார். பஸ் எதுவும் இல்லை. திரும்பி வர வெட்கப்பட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஊன்றுகோலை வாங்க வந்தார், நடந்துதான் வந்தார். டாக்டர் அதைக் கொடுக்கச் சொன்னார். நல்ல தடி, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல் என்றார்.

இன்னொருவர் பால் வெட்டுகிறவர், பாறையிலிருந்து விழுந்தவர். அவரைப் பற்றிச் சோம்பேறி என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் சாவியை விழவிட்டார். அந்த மனிதர் சாவியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். பெரியவருடைய சாவி கீழே கிடக்கிறது, எடுக்காமல் இருக்க முடியாது, குனியவும் முடியாது. கடைசியில் கால் விரல்களால் சாவியைப் பற்றிக் காலை மெல்ல உயர்த்தி, முழங்கால் உயரத்தில் அதைத் தன் கைக்கு மாற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். முதுகு பலகையாக நின்றது. டாக்டர் உடனே தொப்பியை வைத்துக்கொண்டு அவருக்குச் சாதகமாக எழுதினார். இவற்றையெல்லாம் பார்த்து எனக்கு அந்த முறையில் முழு நம்பிக்கை வந்திருந்தது. காத்தாயி வருகிற வரை.

காத்தாயி ரப்பர் ஸ்டோரில், அதாவது தோட்டத்து ரப்பர் ஆலையில், ரோதையில் நின்றவள். ரோதை என்று தோட்டத்தில் சொல்வது, உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்துகிற உருளை இயந்திரத்தை. ஒருத்தி இந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், ஒருத்தி அந்தப் பக்கம் வாங்க வேண்டும். காத்தாயி கொடுக்கிறவள். ஒரு நாள் ரப்பரோடு கையும் உருளைக்குள் போனது, வலது கை, மணிக்கட்டு வரை. தோட்டத்து மருந்துச்சாலையிலேயே வைத்துக் கட்டினார்கள். புண் ஆறிவிட்டது. அவளுடைய புருஷன் அதற்கு முந்தைய வருஷ மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காம்பிரா என்று சொல்கிற ஒரு அறை.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவளுடைய கங்காணி முத்தையா. எனக்குக் கடை நாளிலிருந்தே பழக்கம். வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் மருந்து அறைக்குள் வருவார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மருந்து நானா, கை ஆறிப்போச்சு, வேலைக்கு வரட்டும்னு தொரை சொல்றாரு. இங்க டாக்டரும் கை நல்லாத்தான் இருக்குன்னு எழுதிட்டாருன்னா இவ மறுபடியும் ரோதையிலதான் நிக்கணும். நிக்க மாட்டேன்னா துண்டு குடுத்துருவாங்க."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்கிற சீட்டு. காம்பிராவும் அதோடு போகும்.

"கை போச்சுன்னு எழுதினா?"

"நட்டஈடு கிடைக்கும். புள்ளக் காம்பிராவுல ஆயா வேலைக்கு ஒரு ஆள் வேணும்னு கெடக்கு. அதுல போட்டுறலாம். நான் தொரைகிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற அறைதான் பிள்ளைக் காம்பிரா.

"அவளுக்கு ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். பெரிய டாக்டர் தொரை, மருவாதியா நடந்துக்கணும். எதுத்துப் பேசக் கூடாது, முடியாதுன்னு சொல்லக் கூடாது, வலிச்சாலும் சத்தம் போடக் கூடாதுன்னு."

முத்தையா நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர்தான், ஊசியால் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம் வலித்தாலும் சத்தம் போடாதே என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்.

காத்தாயி உள்ளே வந்து மேசைக்குத் தள்ளி நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வலது கை பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை. விரல் ஐந்தும் இருந்தன. தோலில் தழும்பு பளபளத்தது. விரல்கள் பாதி மடிந்தபடி நின்றன, எதையோ பிடித்திருக்கிற மாதிரி. டாக்டர் கையைத்தான் பார்த்தார்.

"அத வஹன்ட புளுவன்த?" என்று அவரே சிங்களத்தில் கேட்டார்.

"கையை மூட முடியுமா?" என்று நான் கேட்டேன்.

"ஆகட்டுங்க" என்றாள் காத்தாயி.

டாக்டர் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார். "என்ன சொல்கிறாள்?"

இங்கேதான் எனக்குத் தொல்லை. ஆகட்டும் என்றால் சரி என்று அர்த்தம். கடைத்தெருவில் ஒருவர் ஆகட்டும் என்றால் பேரம் படிந்துவிட்டது. ஆனால் தோட்டத்து ஆட்கள் ஒரு துரையிடம் சொல்கிற ஆகட்டுங்க வேறு. அது உங்கள் வார்த்தை காதில் விழுந்தது என்பது மட்டும்தான். மலையைத் தூக்கு என்றாலும் ஆகட்டுங்க என்றுதான் சொல்வார்கள், தூக்குவதாக அதற்கு அர்த்தமில்லை. இதை டாக்டரிடம் சொன்னேன். இது என் தண்ணீர் இல்லை, வார்த்தையின் பொருள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி, வேறு மாதிரி கேள். வாளி தூக்க முடியுமா?"

"ஆகட்டுங்க."

"வலி இருக்கிறதா?"

"இருக்கட்டுங்க தொரை."

டாக்டர் குண்டூசியை எடுத்தார். வலது உள்ளங்கையில் குத்தினார். காத்தாயி அசையவில்லை. விரல் நுனியில் குத்தினார், அசையவில்லை. "ம்" என்றார். அந்த "ம்" நல்ல "ம்". பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இடது கையை எடுத்து அதிலும் குத்தினார். அதற்கும் அவள் அசையவில்லை. சொட்டு ரத்தம் வந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவோரத்தில் முத்தையா கங்காணி, பெண் சொன்னபடி நடக்கிறாள் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு இரண்டு கையும் போய்விட்டதா?" என்று டாக்டர் கேட்டார்.

குழாய்க்கு அந்தக் கேள்வி இல்லை.

ஈரத் துணியைக் கொடுத்தார். அவள் இடது கையால் துணியைப் பிடித்து வலது மணிக்கட்டில் சுற்றி முறுக்கினாள். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. டாக்டருக்குச் சலிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் அவருடைய தேநீர் வந்தது.

வழக்கமாகக் கோப்பையும் தட்டுமாக வரும். அன்றைக்குக் கோப்பை உடைந்து போய், சமையல்கட்டிலிருந்து ஒரு எனாமல் மக்கில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தவன் மக்கைத் துணியால் சுற்றிப் பிடித்து வந்து மேசையில் வைத்தான். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டாக்டர் மக்கைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அந்த யோசனை வந்ததை நான் கண்டேன். பிடியில் கையைக் கொடுத்து மக்கைத் தூக்கி, ஏதோ மேசையில் இடம் வேண்டும் என்பதுபோல், "மேக்க அல்லன்ன" என்று காத்தாயியிடம் நீட்டினார். இதைப் பிடி என்பதுதான். அதுதான் பரீட்சை.

பரீட்சை என்று தெரியாத காத்தாயி, வலது கையை நீட்டினாள். இடது கையை அதன் கீழே கொடுத்து முழங்கையைத் தாங்கினாள், பெரியவர்கள் கொடுப்பதை வாங்குகிற முறையில். பாதி மடிந்து நின்ற விரல்களுக்குள் மக் போய் உட்கார்ந்தது. அவள் அதைப் பிடி தன் பக்கம் திரும்ப மார்புக்கு அருகே கொண்டுவந்து அப்படியே நின்றாள். இடது கை கொஞ்சம் கொஞ்சமாக முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தது. பாரம் முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது. பக்கவாட்டில் நின்ற எனக்கு அது தெரிந்தது. எதிரே இருந்த டாக்டருக்கு வலது கையும் அதில் ஒரு மக்கும்தான் தெரிந்தது.

டாக்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். எழுதத் தொடங்கினார். வலது கையைத் தாராளமாகப் பயன்படுத்துகிறாள் என்று இங்கிலீஷில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்.

இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் காம்பிராவும் என் கண் முன்னால் போயின. பேசினால் குழாய் உடைந்தது என்பார். பேசாவிட்டால் இவள் நாளைக் காலை அந்த ரோதை முன்னால் நிற்க வேண்டும். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. டாக்டர் கேட்காததை நான் சொல்லக் கூடாது. அவள் சொன்னதைச் சொல்லலாம். அவளைப் பேச வைத்துவிட்டால் போதும்.

"காத்தாயி, அந்த மக்கை இடது கையால வாங்கியிருக்கலாமே?" என்று தமிழில் கேட்டேன்.

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை ஒரு மனிதன் கேட்பானா என்பது அவள் பார்வையில் இருந்தது.

"என்னங்க இப்புடிக் கேக்குறீங்க? பெரியவங்க குடுக்குறத நொட்டாங்கையில வாங்கலாமுங்களா?"

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். பென்சில் நின்றது.

"நான் அதைக் கேட்கவில்லையே."

"அவள் சொன்னாள் சார்" என்றேன். "நான் குழாய்தானே."

டாக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்த வழக்கம் தெரியாததல்ல. சிங்களவர் வீட்டில் மட்டும் இடது கையால் வாங்குகிறார்களா? அவருடைய அம்மா கொடுத்த எதையும் அவர் இடது கையால் வாங்கியிருக்க மாட்டார். ஆனால் அந்த அறைக்குள், அந்த மேசைக்குப் பின்னால், அது அவருக்கு நினைவு வரவில்லை. மக்கைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார். பிடி காத்தாயி பக்கம் இருந்தது. டாக்டர் மக்கின் வயிற்றைப் பிடித்தார்.

பிடித்த வேகத்தில் விட்டார். மக் மேசையில் விழுந்து உருண்டது. தேநீர் காகிதத்தின் மேல் ஓடியது. டாக்டர் விரல்களை உதறிக்கொண்டு, சீமையில் படித்த ஒரு வார்த்தையைச் சொன்னார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

காத்தாயி பதறிப் போனாள். மரியாதை, கங்காணி சொன்னது, எல்லாம் மறந்து போயிற்று. "சூடாவாங்க இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே, உருளுகிற மக்கைத் தடுக்க இடது கையை நீட்டினாள். தொட்டதும் அந்தக் கை வெடுக்கென்று பின்னால் போனது. வாயிலிருந்து "ஆத்தே" என்று வந்தது. ஊசிக்கு வராத சத்தம்.

டாக்டர் உதறுவதை நிறுத்திவிட்டார். மேசையைச் சுற்றி வந்து அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, ஓரத்தில் கொப்புளம் எழத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலீங்களே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "வந்துரும் வந்துரும்னு இருந்தேனுங்க நானா. காலையில எந்திரிச்சதும் இந்தக் கையத்தான் தொட்டுப் பாப்பேன். இன்னிக்கு இல்லேன்னாலும் நாளைக்கு உணத்தி வந்துரும்னு."

அவள் அழுதாள். நட்டஈடு கிடைக்கும், காம்பிரா போகாது என்பது அந்த நிமிஷத்தில் எனக்கும் முத்தையாவுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் மனசுக்குள் சந்தோஷம்தான். அவளுக்கு அப்போதுதான் கை போயிற்று. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கொப்புளத்துக்கு மருந்து எடுக்கப் போனேன்.

டாக்டர் தொப்பியைக் கழற்றி வைத்தார். தேநீர்க் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்து எழுதினார். வலது கை எந்த வேலைக்கும் உதவாது, இயந்திரத்தின் அருகே நிறுத்தக் கூடாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காத்தாயியிடம் நீட்டினார். காத்தாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள், இடது கையை முழங்கையில் கொடுத்து. காகிதம் விரல்களுக்கிடையே நழுவித் தரையில் விழுந்தது.

நான் மருந்துக் கிண்ணத்தோடு நின்றேன். முத்தையா கதவருகே நின்றார். இரண்டு பேரும் குனியப் போனோம். அதற்குள் பெரிய டாக்டர் குனிந்து காகிதத்தை எடுத்துவிட்டார். எடுத்து அவளிடம் நீட்டவில்லை. மேசை மேல் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

காத்தாயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு இடது கையால் எடுத்துக்கொண்டாள். மேசையில் கிடக்கிறதை எந்தக் கையால் எடுத்தாலும் யாருக்கும் அவமரியாதை இல்லையே.

அன்றிலிருந்து அந்த அறையில் யாருக்கும் எதுவும் கையில் கொடுக்கப்படவில்லை. சிரட்டை, துணி, எல்லாம் மேசையில் வைக்கப்படும், ஆள் எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் இதற்குக் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊசி குத்தும்போது ஆளோடு வந்தவர்களை வெளியே நிறுத்தும் வழக்கமும் வந்தது. சாவிக்கொத்து மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தது, அதில் அவருக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. என்னைக் குழாய் என்று சொல்வதையும் அவர் விடவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து முடித்ததும், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "குழாயில் இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் தலையில் வைப்பார். மாற்றலாகிப் போகிற வரைக்கும் அப்படித்தான் செய்தார்.

காத்தாயியை நான் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். அம்மை குத்த அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பிள்ளைக் காம்பிராவில் வரிசையாகத் தொட்டில்கள். அவள் ஒரு தொட்டில் கயிற்றைக் காலில் மாட்டி ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கையானாலும் சரிதான். என்னைக் கண்டதும் எழுந்து, "நானா, இருங்க, ஒரு வாய் தேத்தண்ணி" என்று உள்ளே போனாள்.

டம்ளரோடு வந்தாள். என் முன்னால் வந்து நின்று, எந்தக் கையால் நீட்டுவது என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு இடது கையால் நீட்டினாள். மடிந்த வலது கையைத் தூக்கி இடது முழங்கையில் வைத்துத் தாங்கினாள். மரியாதையில் எதுவும் குறையவில்லை, கைதான் மாறியிருந்தது.

"உங்களுக்குத்தான் தெரியுமேங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு பொருளை வாங்கினால் வாப்பாவின் கை நம் முதுகில் இருக்கும். நான் டம்ளரை இடது கையால் வாங்கினேன். வலது கையை என் முழங்கையில் வைத்துத் தாங்கித்தான் வாங்கினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குடிப்பதற்கு வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். தேநீர் நல்ல சூடாக இருந்தது.